எக்ஸ்ரேயில் ஏஐ போட்ட சிவப்புத் திட்டு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. அம்மாவின் மார்பு எக்ஸ்ரேயை ஒரு ஏஐ மென்பொருள் பார்த்திருக்கிறது. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் ‘சந்தேகத்துக்குரிய நாட்யூல், 87%’ என்று ஒரு வரி (நாட்யூல் என்றால் நுரையீரலில் தெரியும் சின்ன உருண்டை நிழல்). பக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுப் போட்ட ஒரு படம். ஏன் இப்படிச் சொல்கிறது என்று கேட்டதற்கு, ‘சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டுது’ என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. ரிப்போர்ட்டை ஒரு சாட்பாட்டில் போட்டுக் கேட்டபோது அது மட்டும்தான் தெளிவாக விளக்கியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் சொல்லத் தெரியாத கருவியை நம்பலாமா என்பது நீங்கள் நேரடியாகக் கேட்டது. அதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த வண்ணப் படமே காரணம்தானா? இப்போது அம்மாவுக்கு என்ன செய்வது? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுவாகத்தான் இருக்கும்.

நான் ரேடியாலஜிஸ்ட். எக்ஸ்ரே, சிடி பார்த்து ரிப்போர்ட் எழுதுவது பல வருஷமாக என் வேலை. இதுபோன்ற மென்பொருளை வாங்குவதற்கு முன் பழைய படங்களைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பும் சில வருஷமாக இருக்கிறது. அம்மாவின் படத்தை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். அந்த ஒரு வரி நோயறிதல் ஆகாது. ஒரு ரேடியாலஜிஸ்ட் அதே படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் உங்களுக்கு வேண்டும். பழைய எக்ஸ்ரே எங்கேயாவது இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். சில வருஷத்துக்கு முந்தைய படத்திலும் அதே நிழல் அதே அளவில் இருந்தால் கவலை பெருமளவு குறைந்துவிடும். கீழ்ப்பகுதியில் தெரியும் உருண்டை நிழல் சில நேரம் மார்புக் காம்பின் நிழலாகவே இருக்கும். காம்பின் மேல் சின்ன உலோகக் குறியை ஒட்டி இன்னொரு எக்ஸ்ரே எடுத்தால் அது தெரிந்துவிடும். விலா எலும்பின் முனையும், குறுக்கே கடக்கும் இரண்டு ரத்தக்குழாய்களும்கூட இப்படி ஏமாற்றும். இதெல்லாம் இல்லை என்று தெரிந்தால், அல்லது டாக்டருக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால், சிடி எடுப்பது நியாயமான அடுத்த படி. ஏஐ மேல் நம்பிக்கை இல்லை என்பதற்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி, அந்த மென்பொருள் ஏன் காரணம் சொல்வதில்லை என்பதற்கு வருவோம். நிறுவனம் எதையோ மறைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சில நேரம் அதுவும் உண்டு, ஆனால் மூல காரணம் வேறு. ‘ஓரம் கரடுமுரடாக இருந்தால் சந்தேகப்படு’ என்று யாரும் அதற்குள் விதி எழுதி வைக்கவில்லை. நாட்யூல் உள்ளது, இல்லாதது என்று பெயரிட்ட ஏராளமான எக்ஸ்ரேக்களைக் காட்டி, விடை சரியாக வரும்வரை லட்சக்கணக்கான எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவார்கள். கடைசியில் கையில் இருப்பது அந்த எண்கள்தான். இப்படிக் கற்ற அமைப்பைத்தான் நியூரல் நெட்வொர்க் என்றும், பொதுவாக மாடல் என்றும் சொல்கிறோம். நிறுவனம் அத்தனை எண்களையும் அச்சடித்துக் கொடுத்தாலும் உங்களுக்கும் எனக்கும் அதில் காரணம் என்று ஒன்று தெரியாது. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் செய்த மைசின் இதற்கு நேர்மாறு. ரத்தத்தில் தொற்று உள்ளவருக்கு எந்த ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம் என்று சொல்லும் அந்த நிரல், மனிதர் எழுதிய நூற்றுக்கணக்கான விதிகளில் ஓடியது. ‘ஏன் இதைக் கேட்கிறாய்?’ என்று தட்டினால் தான் பின்பற்றும் விதியையே காட்டும். அன்றாட மருத்துவத்துக்குள் அது நுழையவே இல்லை. ஆனால் காரணம் கேட்டால் சொல்லும் கருவி எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒரு முன்மாதிரி. படங்களைப் பார்ப்பதில் இன்றைய முறை அதைவிட எவ்வளவோ திறமையானது. அந்தத் திறமை கிடைத்த வழியிலேயே காரணம் கேட்கும் வசதி போய்விட்டது.

அப்படியானால் அந்தச் சிவப்புத் திட்டு என்ன? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலான குழப்பம் இங்கேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட வண்ணப் படங்களுக்கு அதிகம் பயன்படும் முறைகளில் ஒன்று 2017இல் வெளியான கிராட்-கேம். படத்தின் எந்தப் பகுதி இந்த விடையை மேலே தள்ளியது என்று அது பின்னோக்கிக் கணக்கிடுகிறது. நெட்வொர்க் எக்ஸ்ரேயை முதலில் சிறிதாக்கிக்கொள்ளும். பல மாடல்களில் 224க்கு 224 புள்ளி. பல அடுக்குகளைக் கடந்து கடைசி அடுக்குக்கு வரும்போது அது 7க்கு 7 கட்டமாகச் சுருங்கியிருக்கும். திட்டின் நிறத்தைத் தீர்மானிப்பது அந்த 49 கட்டங்கள்தான். அப்புறம் அதை இழுத்துப் பெரிதாக்கி, ஓரங்களை மழுப்பி, உங்கள் எக்ஸ்ரே மேல் பூசுகிறார்கள். மார்பு எக்ஸ்ரே ஏறக்குறைய 35 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கட்டம் 5 செ.மீ. நாட்யூல் என்று நாங்கள் சொல்வதே 3 செ.மீ.க்கு மேற்படாத நிழலை. ஆக, அழகாக வழுவழுவென்று தெரியும் அந்தச் சிவப்பு வட்டத்தின் உண்மையான நுணுக்கம், அது காட்ட வேண்டிய பொருளைவிடப் பெரியது. எல்லா மென்பொருளும் இதே முறையில் ஓடுவதில்லை. இன்னும் நுணுக்கமாகக் கட்டம் போட்டுக் காட்டுபவையும் இருக்கின்றன. எதுவாக இருந்தாலும், அது ‘இங்கே பார்த்தேன்’ என்கிறது. என்ன பார்த்தது, அது ஏன் நாட்யூல், ஏன் காம்பு நிழல் இல்லை என்பதற்கு அதில் விடை கிடையாது.

இதைவிடக் கவலை தரும் ஒன்று 2018இல் தெரியவந்தது. ஆராய்ச்சியாளர்கள் பயிற்சி பெற்ற ஒரு நெட்வொர்க்கின் எண்களை எல்லாம் குலைத்துப்போட்டு, எதுவுமே தெரியாத ஒன்றாக மாற்றினார்கள். அப்போது விளக்கப் படமும் குலைய வேண்டும் அல்லவா? சில முறைகளில் குலைந்தது. கிராட்-கேம் அந்தச் சோதனையில் தேறியது. வேறு சில முறைகளோ ஏறக்குறைய பழைய படத்தையே காட்டின. அதாவது அவை மாடலின் முடிவை விளக்கவில்லை, படத்தில் இருந்த ஓரங்களை வரைந்துகொண்டிருந்தன. பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி நம்பும்படி இருக்கும்.

87% பற்றியும் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்குப் புற்றுநோய் இருக்க 87% வாய்ப்பு என்று அதற்கு அர்த்தம் இல்லை; இதை உறுதியாகவே சொல்கிறேன். அது மாடலின் உள்மதிப்பெண். ‘80 சொன்னால் 100 பேரில் உண்மையிலேயே 80 பேருக்கு இருக்கிறதா’ என்று தனியாகச் சரிபார்த்து ஒத்துப்போனால்தான் அதை வாய்ப்பு என்று சொல்லலாம். அப்படியே சரிபார்த்திருந்தாலும் அது வாய்ப்புச் சொல்வது நாட்யூலுக்கு, புற்றுநோய்க்கு அல்ல. நாட்யூல்களில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 பேரில் 10 பேருக்கு நோய் இருக்கிறது. கருவி நோய் உள்ளவரில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, இல்லாதவரில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 9 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 99 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். பிடிபட்ட 108 பேரில் நோயாளி 9 பேர்தான், 12இல் ஒருவர். இது என் எடுத்துக்காட்டு எண், உங்கள் மென்பொருளின் எண் அல்ல.

சரி, டாக்டர் மட்டும் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிறாரா? இந்த எதிர்க்கேள்வியில் நியாயம் இருக்கிறது. படத்தைத் திறந்த சில நொடியில் ‘இங்கே ஏதோ சரியில்லை’ என்று எனக்குத் தோன்றும். காரணங்களை அதற்குப் பிறகுதான் தேடுவேன். மருந்துகளிலும் அப்படித்தான். ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்பதை பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் கண்டுபிடித்தது 1971இல். அதுவரை அதைக் கொடுக்காமலா இருந்தார்கள்? பலன் நிரூபணமாகியிருந்தால் உள்விளக்கம் இல்லாமலும் பயன்படுத்தலாம் என்று வாதிடுகிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். நான் அவர்களோடு பாதி தூரம் போவேன். மீதி தூரம் போகாததற்குக் காரணம், என்னை நீங்கள் குறுக்குக் கேள்வி கேட்கலாம் என்பதுதான். ‘இது காம்பு நிழல் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டால், மறுபக்கத்தில் அதே உயரத்தில் நிழல் இல்லை, ஓரம் ஒழுங்காக இல்லை என்று சொல்லியாக வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் என் முடிவை மாற்றியாக வேண்டும். தவறினால் பதில் சொல்லும் ஆளும் நான்தான். ஆஸ்பிரினும் எந்த ஊரில் கொடுத்தாலும் அதே மூலக்கூறுதான். எக்ஸ்ரே மெஷின் மாறினால், நோயாளிக் கூட்டம் மாறினால் ஏஐயின் திறமையும் மாறிவிடும்.

காரணம் தெரிவது எதற்கு உதவும் என்பதற்கு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த ஒரு நிகழ்வு உண்டு. 1990களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்கப் பல மாடல்களைச் செய்து பார்த்தார்கள். துல்லியத்தில் நியூரல் நெட்வொர்க் முந்தியது. ஆனால் அதே தரவில் கற்ற, விதிகளைப் படிக்கக்கூடிய இன்னொரு மாடல் விசித்திரமான ஒரு விதியைக் கற்றிருந்தது: ஆஸ்துமா இருந்தால் நிமோனியாவில் சாகும் ஆபத்து குறைவு. எந்த டாக்டரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். தேடிப் பார்த்தால் தரவு பொய் சொல்லவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களை ஆபத்தானவர்கள் என்று நேரே ஐசியுவில் சேர்த்திருந்தார்கள். அந்தக் கவனிப்பால் அவர்கள் பிழைத்தார்கள். மாடல் கவனிப்பைப் பார்க்கவில்லை, முடிவை மட்டும் பார்த்தது. அதை நம்பி ‘ஆஸ்துமாவா, ஆபத்தில்லை, வீட்டுக்குப் போகலாம்’ என்று அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெட்வொர்க்கும் அதையே கற்றிருக்கலாம்; உள்ளே பார்த்துச் சொல்ல வழி இல்லை. அதனால் துல்லியம் கொஞ்சம் குறைந்தாலும் படிக்கக்கூடிய மாடலைத் தேர்ந்தெடுத்தார்கள். 2015இல் கணினி ஆராய்ச்சியாளர் ரிச் கருவானாவும் அவரோடு வேலை செய்தவர்களும், துல்லியத்தை அதிகம் விட்டுக்கொடுக்காமல் அப்படிப் படிக்கக்கூடிய மாடல் செய்ய முடியும் என்று காட்டினார்கள்.

படங்களிலும் இதே வகைப் பிழை நடந்திருக்கிறது. 2018இல் வந்த ஓர் ஆய்வில், எக்ஸ்ரேயில் நிமோனியா கண்டுபிடிக்கும் நெட்வொர்க் எந்த மருத்துவமனையில் எடுத்த படம் என்பதையும் ஏறக்குறையப் பிழையே இல்லாமல் கண்டுபிடித்தது. பயிற்சிக்குப் படம் கொடுத்த ஒரு மருத்துவமனையில் நிமோனியா உள்ளவை 34 சதவீதம், இன்னொன்றில் 1.2 சதவீதம். மருத்துவமனையைக் கண்டுபிடித்தாலே நிமோனியாவைப் பாதி ஊகித்துவிடலாம், நுரையீரலைப் பார்க்கத் தேவையே இல்லை. இது தெரியவந்ததில் விளக்கப் படங்களுக்கும் பங்கு உண்டு: படத்தின் மூலையில் வலது, இடது என்று காட்ட வைக்கும் உலோக எழுத்தின் மேலும் நிறம் விழுந்திருந்தது. தோல் புற்றுநோய் பார்க்கும் மென்பொருள் ஒன்று, டாக்டர் ஊதா மையால் குறி போட்ட மச்சங்களுக்கு மதிப்பெண்ணை ஏற்றியதை 2019இல் கண்டார்கள். கோவிட் காலத்தில் வந்த எக்ஸ்ரே மாடல்களிலும் இப்படிப்பட்ட குறுக்குவழிகளை 2021இல் காட்டினார்கள். என் சோதனைகளிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு எடுத்த படங்களைத் தனியே பிரித்துக் கொடுத்துப் பார்ப்பேன், டியூப் போட்ட படங்களைத் தனியே கொடுப்பேன். நோய் அங்கே அதிகம், ஆகவே குறுக்குவழியும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஆகவே, விளக்கப் படங்கள் மென்பொருளைச் சோதிக்கிறவர்களுக்குப் பயன்படுகின்றன என்பது உறுதி. ஒரு தனி நோயாளியைப் பார்க்கும் டாக்டருக்குப் பயன்படுகின்றனவா என்பது அவ்வளவு உறுதி இல்லை. எனக்குச் சந்தேகம்தான் அதிகம். 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூச்சுத்திணறலோடு வந்த நோயாளிகளின் விவரங்களை 457 மருத்துவப் பணியாளர்களிடம் கொடுத்தார்கள். ஏஐ உதவி இல்லாமல் நோயைக் கண்டறிவதில் அவர்கள் துல்லியம் 73 சதவீதம். வேண்டுமென்றே ஒருபக்கமாகச் சாயவைத்த ஏஐயின் கணிப்பைக் காட்டியபோது அது 11.3 புள்ளி விழுந்தது. அந்த ஏஐ சம்பந்தமில்லாத இடத்தைப் பார்க்கிறது என்று தெரியும்படி விளக்கப் படத்தையும் சேர்த்துக் காட்டினார்கள். அப்போதும் 9.1 புள்ளி விழுந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விளக்கம் கையில் இருந்தும் தவறைப் பிடிக்க உதவவில்லை. மனம் அப்படித்தான் வேலை செய்கிறது: சிவப்புத் திட்டு நான் எதிர்பார்த்த இடத்தில் விழுந்தால் ‘பார், சரியாகத்தான் பார்க்கிறது’ என்று நானே காரணத்தை இட்டு நிரப்பிக்கொள்வேன்.

இந்த இடத்தில் அறிஞர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். உயிர் சம்பந்தப்பட்ட முடிவுகளில், உள்ளே நடப்பது தெரியாத கருப்புப் பெட்டியைச் செய்துவிட்டுப் பிறகு விளக்கம் தேடாதீர்கள், ஆரம்பத்திலேயே படிக்கக்கூடிய மாடலைச் செய்யுங்கள் என்று கணினி அறிவியலாளர் சிந்தியா ரூடின் 2019இல் எழுதினார். வயது, ரத்த அழுத்தம், பரிசோதனை எண்கள் போன்ற தரவுக்கு அவர் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. படங்களுக்கு இன்னும் முடிவாகவில்லை. நடுவழி ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையும் கூகுளின் ஏஐ நிறுவனமான டீப்மைண்டும் 2018இல் வெளியிட்ட விழித்திரை ஸ்கேன் மாடல் இரண்டு படியில் வேலை செய்கிறது. முதல் நெட்வொர்க் எங்கே நீர் கோத்திருக்கிறது, எங்கே அடுக்கு விலகியிருக்கிறது என்று வரைபடம் போடும். இரண்டாவது, அந்த வரைபடத்தை மட்டும் பார்த்து எவ்வளவு அவசரம் என்று சொல்லும். டாக்டர் நடுவில் புகுந்து வரைபடத்தைச் சரிபார்க்கலாம். வேறு கம்பெனி ஸ்கேனருக்கு மாறியபோது மாடல் தடுமாறியது, ஆனால் முதல் படியை மட்டும் திரும்பப் பயிற்றுவித்தே சரிசெய்துவிட்டார்கள். எல்லாவற்றையும் இப்படிப் பிரிக்க முடியாது. எக்ஸ்ரேயிலிருந்து நோயாளியின் இனத்தை மாடல்கள் கண்டுபிடிக்கின்றன என்று 2022இல் காட்டினார்கள். எதை வைத்துக் கண்டுபிடிக்கின்றன என்று எவ்வளவோ தேடியும் தெளிவான விடை கிடைக்கவில்லை, ரேடியாலஜிஸ்ட் கண்ணுக்கும் அது தெரிவதில்லை.

நோயாளியின் இடத்தில் நான் இருந்தால், இந்த ஒரு படத்துக்கு என்ன காரணம் என்பதைவிட, இந்தக் கருவியை யார் எங்கே சோதித்தார்கள் என்பதைத்தான் கேட்பேன். விளக்கம் சொல்ல முடியாமல் போவதற்குத் தொழில்நுட்பம் காரணமாக இருக்கலாம். சோதனை விவரத்தைச் சொல்லாமல் இருக்க எந்தக் காரணமும் கிடையாது. எந்த வயதினர், எந்த மெஷின், உருவாக்கியவர்கள் அல்லாத வேறு மருத்துவமனையில் சோதித்தார்களா, எத்தனை தவறவிட்டது, எத்தனை வீணாகப் பயமுறுத்தியது? 2018இல் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க எஃப்டிஏ, சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பை டாக்டர் பார்க்காமலே சொல்ல ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற கருவியை அனுமதித்தது. 900 பேரைச் சேர்த்து, நேரடி மருத்துவச் சூழலில் நடத்திய சோதனை அதற்குப் பின்னால் இருந்தது: பாதிப்பு உள்ளவரில் 87 சதவீதத்தைப் பிடித்தது, இல்லாதவரில் ஏறக்குறைய 91 சதவீதத்தைச் சரியாக விட்டது. எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிய மருத்துவமனை மென்பொருள் விற்கும் எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் பழுதாகும் ஆபத்தான நிலை) மாடலை வெளியார் சோதித்து 2021இல் வெளியிட்டபோது, செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதத்தை அது தவறவிட்டிருந்தது. அதன் உள்விவரம் வெளியே தெரியாமலேயே அவ்வளவு தூரம் பரவியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஏஐ சட்டம், அதிக ஆபத்துள்ள கருவிகளை விற்பவர்கள் துல்லியம், வரம்பு, எதற்குப் பயன்படுத்தக்கூடாது என்பதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது; அதன் கட்டாயங்கள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் இல்லாத இடத்திலும் நோயாளி இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும். ‘சாஃப்ட்வேர் காட்டுது’ என்பது பதிலே ஆகாது என்பதில் உங்கள் கோபத்தோடு நான் முழுக்க உடன்படுகிறேன்.

இனி சாட்பாட். அது தெளிவாக விளக்கியதற்குக் காரணம், தெளிவாக எழுதுவதற்காகவே பயிற்சி பெற்றது என்பதுதான். எக்ஸ்ரே மென்பொருளுக்குள் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைகளை வைத்துப் பொருத்தமான ஒரு காரணத்தை எழுதியிருக்கும். தன் சொந்த விடைக்குச் சொல்லும் காரணத்தையே முழுதாக நம்ப முடியாது. 2023இல் ஓர் ஆய்வில், மாதிரிக் கேள்விகளுக்கு எல்லாம் சரியான விடை முதல் தெரிவாகவே வரும்படி மாற்றி வைத்தார்கள். மொழி மாடல்கள் முதல் தெரிவின் பக்கம் சாய ஆரம்பித்தன. ஆனால் விளக்கத்தில் அதைச் சொல்லாமல் வேறு நல்ல காரணங்களை அடுக்கின. ஆகவே ‘ஏன் 87?’ என்று அதைக் கேட்காதீர்கள். நாட்யூல் என்றால் என்ன, சிடியில் என்ன பார்ப்பார்கள், டாக்டரிடம் எதைக் கேட்கலாம் என்று கேளுங்கள்; அதில் அது நன்றாகவே உதவும், ஆனால் பதிலை டாக்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது நிழலின் அளவு எவ்வளவு, ஓரம் எப்படி இருக்கிறது, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, பழைய படத்தோடு ஒப்பிட்டீர்களா, மென்பொருள் காட்டாமல் இருந்திருந்தாலும் இதை நீங்கள் கவனித்திருப்பீர்களா என்ற ஐந்தையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.